கையில் இருந்த சீமெந்து

செவ்வாய்க்கிழமை, இரவு.

பார்வதியம்மாவிடம் உண்மையைச் சொல்லாமல் வந்துவிட்டேன். தூக்கம் வரவில்லை.

பலாபத்வல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர் அவர். ஒப்பரேஷனுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போக ஊசி. ஆள் விழித்துத்தான் இருந்தார். செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் சீமெந்துக்காக, ஒப்பரேஷன் தியேட்டர் நர்ஸான நான் தூளில் திரவத்தை ஊற்றியதும் நெடி ஏறியது.

"மிஸ், பயமா இருக்கு. என் கையப் புடிச்சிக்கிங்க."

கலக்கத் தொடங்கினால் நிறுத்த முடியாது, சில நிமிடங்களில் இறுகிவிடும். "இங்கதாம்மா இருக்கேன், பயப்படாதீங்க" என்று பேசிக்கொண்டே கலக்கினேன். டொக்டர் உள்ளே வைத்தது போக மீந்த உருண்டையை, இறுகுகிறதா என்று பார்க்க உள்ளங்கையில் வைத்திருந்தேன். அது சூடாகி, பிறகு கல்லானது. அப்போதுதான் பார்வதியம்மாவின் முகத்துக்கும் எங்களுக்கும் நடுவே கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அட்டென்டன் குமாரி, அவருடைய கையைப் பிடித்தபடி நின்றாள்.

மாலையில் நானும் குமாரியும் வார்டுக்குப் போனோம்.

"கடைசி வரைக்கும் நீங்க கைய விடவே இல்லயே மிஸ்" என்று பார்வதியம்மா என்னைப் பார்த்து அழுதார்.

என்ன சொல்கிறார் என்று குமாரி சிங்களத்தில் கேட்டாள். நன்றி சொல்கிறார் என்றேன். யாருக்கென்று சொல்லவில்லை.