கெட்ட எண்ணம், தொண்ணூறு

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஏர்கோன் ஓடவில்லை. கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். ஜன்னலைத் திறந்தால் காது போகிறது, மூடினால் சட்டை நனைகிறது. தம்போயில் கடைக்கு மேலே மனநல ஆலோசனை நிலையம் நடத்தினால் இதுதான் லட்சணம்.

செய்ய வேண்டியவை:
– தமிழ்ப் பாரம் (புத்தக பாஷையில் படிவம்) இருபது நகல் எடுக்க
– டோனர் வாங்க
– அக்காவுக்குப் பதில். சிங்கப்பூருக்கு, உட்லண்ட்ஸுக்கு, சனிக்கிழமை வர முடியாது. காரணம்: பாலத்தில் ஜாம். (போன மாதமும் இதே காரணம். வேறு யோசிக்க.)

பயத்தைப் போக்கும் எங்கள் திட்டம் சுலபம்தான். மனதில் ஓடுகிற எண்ணத்தைப் பிடி, எழுது, நிஜமா என்று சோதித்துப் பார், பயப்படுகிற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போ. எட்டு வாரம். எங்கேயோ வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய புத்தகம். அதை மலாய்க்காரர்களுக்கு ஏற்ற மாதிரி ஃபரிடாவும், சீனர்களுக்கு எங்கள் தலைவர் டாக்டர் லிம்மும், நம் ஆட்களுக்கு நானும் மாற்றி எழுதியிருக்கிறோம்.

ஃபரிடா கெட்டிக்காரி. பாரத்தில் மணி எழுதும் கட்டத்தைத் தூக்கிவிட்டுத் தொழுகை வேளைகளைப் போட்டாள். அவளுடைய ஆட்கள் ஒரு வேளை விடாமல் எழுதுகிறார்கள். என் ஆட்கள் பாரத்தைக் கண்டாலே ஆறாம் வகுப்பு ஞாபகம் வந்து தலையைக் குனிகிறார்கள். என்னை டீச்சர் என்று கூப்பிடுவதும் அதனால்தானோ என்னவோ.

மூன்று மணிக்கு வ. வந்தாள். (பெயரை முழுசாக எழுதக் கூடாது. பார்க்கப்போனால் இந்த டைரியே எழுதக் கூடாது.) பாசிர் கூடாங் தொழிற்சாலையில் பதினோரு வருடம். சில மாதங்களாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, செத்துவிடுவோம் என்று பயம். மருத்துவ விடுப்பு, எம்.சி. மேல் எம்.சி. இந்த மாதத்துக்குள் ஒழுங்காக வராவிட்டால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டான். நெஞ்சு வலிக்கு மருந்து எடுக்க வருவதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறாள்.

பாரத்தை நீட்டினேன்.

"அலமாக்! மனசுல உள்ள பாரத்த இறக்கி வைக்கலாம்னு வந்தா, நீங்க ஒரு பாரத்தக் கையில குடுக்குறீங்களே டீச்சர்!"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை.

பாரத்தின் தலைப்பு 'கெட்ட எண்ணம்'. முதலில் 'எதிர்மறை எண்ணம்' என்றுதான் போட்டிருந்தேன். ஓர் அம்மா அதை எதிரியைப் பற்றிய எண்ணம் என்று புரிந்துகொண்டு, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் எளிமையாக்கினேன். வெளியாள் ஒருவர் அதை மறுபடி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பார்த்தார். அச்சாகப் பொருந்துகிறது என்று டாக்டர் லிம் பச்சை மையில் டிக் போட்டார். இனி எட்டு வாரம் முடியும்வரை ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. மாறினால் மூன்று மொழியையும் ஒப்பிட முடியாதாம்.

அந்த வார்த்தை அப்போதே கொஞ்சம் உறுத்தியது. ஏன் என்று உட்கார்ந்து பார்க்கவில்லை. டோனர் வாங்க மறந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

மத்தியானம் நல்ல மழை. வ.விடமிருந்து குரல் செய்தி, பின்னால் பஸ் இரைச்சல்.

"டீச்சர், நேத்து பெர்மாஸ் வரைக்கும் இறங்காம போனேன். இன்னைக்கு கம்பெனி வரைக்கும் போயிட்டேன் லா! நெஞ்சு அடிச்சிச்சு, அடிச்சா அடின்னு விட்டுட்டேன். சாகல!"

சாகல! நான்கு தடவை கேட்டேன். எதிர்க் கடையில் ரொட்டி சானாய் தாப்பாவ் கட்டி வாங்கி வந்து ஃபரிடாவோடு சாப்பிட்டேன். காரணம் சொல்லவில்லை.

அக்கா: "ஜாம்னா எல்லாருக்கும்தான் ஜாம். கிளம்பி வா." படித்தேன், பதில் இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

வ. வரவில்லை. மூன்றரைக்குப் போன் போட்டேன். ஆண் குரல். "யாரு?" என்றது. தப்பான நம்பர் என்று வைத்துவிட்டேன். இருபது வருட அனுபவம், திருடி மாதிரி வைத்தேன்.

ஐந்து மணிக்கு வேறு எண்ணிலிருந்து வ. மேல்வீட்டு மலாய் அம்மாவின் போனாம். குசுகுசுவென்று பேசினாள்.

"டீச்சர், பேக்ல இருந்த பாரத்த வீட்டுக்காரரு பார்த்துட்டாரு. எந்த டிரைவருன்னு கேக்குறாரு. வேலைக்கும் போகக் கூடாதாம், உங்க எடத்துக்கும் வரக் கூடாதாம்."

"நான் பேசட்டுமா அவருகிட்ட?"

"ஐயோ வேணாம்! இது மனசுக்குப் பாக்குற எடம்னு தெரிஞ்சா பைத்தியம்னு முடிவு கட்டிடுவாரு. அவரோட அக்காவ அப்படித்தான் தம்போய் மனநோய் ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, ப்ளீஸ் டீச்சர்."

வைத்துவிட்டாள். இதில் டிரைவர் எங்கிருந்து வந்தான்? போன வாரம் அவள் போனில் அனுப்பியிருந்த படத்தைத் திறந்து அந்தப் பாரத்தைப் படித்தேன்.

*என் கெட்ட எண்ணங்கள்*
*இடம்:* கம்பெனி பஸ்
*உடன் இருந்தவர்:* டிரைவர்
*கெட்ட எண்ணம்:* இப்பவே இறங்கி ஓடிப்போயிடணும்
*உடம்பில்:* நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், வேர்வை
*எவ்வளவு (100க்கு):* 90

அட கடவுளே.

அவளுடையது முதல் ஸ்டாப். காலையில் பஸ்ஸில் அவளும் டிரைவரும் மட்டும்தான். உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறாள். நான் அச்சடித்துக் கொடுத்த தலைப்புதான் அதை வேறு மாதிரி ஆக்கிவிட்டது. 'அவனுக்குக் கெட்ட எண்ணம்' என்று தமிழில் யாராவது சொன்னால் என்ன அர்த்தம்? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்த உறுத்தல் இதுதான். ஆங்கிலத்தில் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். மடச்சி.

ஜூலை 10, வியாழன்

புகைமூட்டம். தொண்டை எரிகிறது.

டாக்டர் லிம்மிடம் சொன்னேன். முழுசாக இல்லை, பாதி. 'ஒரு வார்த்தையால் வீட்டில் பிரச்சினை, மாற்ற வேண்டும்' என்று மட்டும். பொறுமையாகக் கேட்டார். திட்டம் முடிந்ததும் குறிப்பாகச் சேர்க்கலாம், இப்போது மாற்ற முடியாது என்றார். வ.வை 'இடையில் நின்றவர்' பட்டியலில் போடச் சொன்னார். நல்ல மனிதர்தான். கோபமே வராத மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அவள் நிற்கவில்லை, நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கலாம். என் ஒப்பந்தம் ஆகஸ்ட்டில் புதுப்பிக்க வேண்டும். சொல்லவில்லை.

கணவரிடம் விளக்கினால் வ. கேட்டுக்கொண்டதை மீறுகிறேன். விளக்காவிட்டால் அவள் ஓடுகாலி. விளக்கினால் பைத்தியம். அவள் வீடு இங்கிருந்து காரில் ஆறு நிமிடம். போகவும் முடியாது.

என் பாரத்தை நானே நிரப்பினேன். இடம்: மேசை. உடன் இருந்தவர்: இல்லை. எண்ணம்: அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேன். சோதித்துப் பார்: உண்மைதான். இந்தப் பாரம் யாருக்கு உதவும்?

ஜூலை 12, சனி

காலையில் கதவைத் தட்டி ஒருவர். ஐம்பது வயதுக்குள். கழுத்தில் துண்டு, கையில் லோரிச் சாவி, இன்னொரு கையில் நான்காக மடித்த தாள். பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மேடம், இது இங்க குடுத்த பேப்பர்தானே? கீழ உங்க பேரு போட்டிருக்கு."

"ஆமாங்கண்ணே."

"எந்த டிரைவர்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை.

"அண்ணே, இங்க யாரு வர்றாங்க, யாரு வரலன்னு நான் யாருகிட்டயும் சொல்லக் கூடாது. உங்கள பத்திக் கேட்டாலும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த பாரத்த எழுதினது நான். அத பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க."

நின்றபடியே யோசித்தார். பிறகு உட்கார்ந்தார். சொன்னேன்: இது பயந்தவர்களுக்கு, அவ்வளவுதான். சிலருக்கு லிஃப்ட், சிலருக்கு பஸ், சிலருக்கு பாலம். 'கெட்ட எண்ணம்' என்று போட்டது என் தப்பு, பயமுறுத்துகிற எண்ணம் என்று போட்டிருக்க வேண்டும். 'ஓடிப்போகணும்' என்றால் இறங்கித் தப்பிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

"பயத்துக்கு எதுக்கு மேடம் பாரம்? பயந்தா பயந்துட்டுப் போறோம்."

வெற்றுப் பாரம் ஒன்றை எடுத்து, 'கெட்ட' என்ற வார்த்தையைப் பேனாவால் அடித்துவிட்டு நீட்டினேன். டாக்டர் லிம் பார்த்திருந்தால் இன்றே சீட்டு கிழிந்திருக்கும். "இந்த வாரம் நீங்க ஒண்ணு எழுதிப் பாருங்கண்ணே."

வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். பேனாவை வாங்கிக் குண்டு குண்டான எழுத்தில், நேரமெடுத்து எழுதினார்.

*இடம்:* வீடு. *உடன் இருந்தவர்:* சம்சாரம். *எண்ணம்:* போயிடுவா. *உடம்பில்:* சோறு இறங்கல. *எவ்வளவு:* 100.

எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவியின் தாளையும் தன் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அவ," என்றார்.

நான் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு தாளையும் சேர்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். மாடிப்படி முடியும்வரை செருப்புச் சத்தம் கேட்டது. அவர் போன பிறகு நன்றாக அழுதேன்.

ஜூலை 15, செவ்வாய்

வந்துவிட்டாள்! வ. வந்துவிட்டாள்.

அவளும் அவரும் பேசிக்கொண்டார்களாம். அவர் அழுதாராம். பைத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். தன் அக்காவுக்கு அப்போது இப்படி ஓர் இடம் தெரிந்திருந்தால் என்று சொல்லி, அன்றைக்கு முழுவதும் சாப்பிடாமல் இருந்தாராம். வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள்.

"பஸ்ல நெஞ்சு அடிக்குதா?"

"பஸ்ல போகல டீச்சர். அவரே லோரியில கொண்டு விடுறாரு, அவரே வந்து ஏத்திக்கிறாரு. இனிமே நீ பஸ்ஸு பக்கமே போக வேணாம், பயந்து சாக வேணாம்னுட்டாரு. இங்கயும் அவருதான் கொண்டாந்து விட்டாரு, கீழ நிக்கிறாரு."

மகிழ்ச்சியாகத்தான் சொன்னாள். எட்டிப் பார்த்தேன். டயர் கடை முன்னால் லோரி, அவர் கையில் பாதி குடித்த தே ஓ ஐஸ். மேலே பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன்.

பஸ்ஸில் ஏறிப் பழக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள். இதுவரை எதற்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

ஜூலை 21, திங்கள்

ஏர்கோன் ஆள் வந்தார், பார்த்தார், பாகம் இல்லை என்று போனார்.

கூட்டம். வ.வின் பயம்: மூன்றாம் வாரம் 90, இப்போது 0. வேலைக்குத் திரும்பியாயிற்று, குடும்ப ஆதரவு உண்டு. தமிழ்ப் பிரிவில் இதுதான் மிகச் சிறந்த முன்னேற்றம், அறிக்கையில் உதாரணமாகப் போடலாம் என்றார் டாக்டர் லிம். ஃபரிடா கைதட்டினாள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார்.

சைபர் போட்டு கையெழுத்தும் போட்டேன்.

சைபர்தான். பஸ்ஸில் ஏறாதவளுக்கு பஸ் பயம் எப்படி வரும்? எனக்கு இது தெரியாதா? கோவிட்டுக்கு முந்தின வருடம் பாலத்தின் நடுவில், பஸ்ஸுக்குள், ஜாமில், மூச்சு நின்றுவிடும் என்று கதவைத் தட்டினேன். அன்றிலிருந்து ஏறவில்லை. பாலத்தை மூடியபோது ஜொகூரே அழுதது, நான் நிம்மதியாகத் தூங்கினேன். திறந்த பிறகு ஜாம், ஜாம் என்று அக்காவிடம் கதை. என் பயமும் சைபர்தான். அக்கா மகள் வளர்ந்து காலேஜ் போய்விட்டாள்.

ஜூலை 22, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை.

வ. வந்தாள். முகம் வாடியிருந்தது. நான் கேட்காமலே "சைபர் டீச்சர்" என்றாள். நல்லது என்றேன்.

பழைய பாரத்தை எடுக்கவில்லை. வெள்ளைத் தாளில் கையால் கட்டம் போட்டு, தலைப்பில் 'மனசு என்ன சொல்லுது?' என்று எழுதிக் கொடுத்தேன். நாம் எல்லோரும் பேசுகிற வார்த்தை. இது முதல் நாளே ஏன் தோன்றவில்லை?

அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், அவரு நல்லவருதான். கான்டீனுக்குப் போனாலும் போன் பண்ணிச் சாப்பிட்டியான்னு கேக்குறாரு. ஷிப்டு முடிஞ்சு கூட்டாளிங்களோட ரெண்டு நிமிஷம் நின்னு பேச முடியல, கேட்ல நிக்கிறாரு. பாவம், எனக்காக பாதி லோடு எடுக்கிறதில்ல." நிறுத்தினாள். "பஸ்ஸுலயாவது எறங்கலாம்னு ஒரு ஸ்டாப்பு இருந்துச்சு."

"அத எழுது மா."

கீழே லோரி ஹோர்ன் ஒரு தடவை, பணிவாக. மணி பார்த்தாள். அவசர அவசரமாக எழுதினாள். எழுதியதை என் பக்கம் தள்ளினாள்.

"இத நான் வீட்டுக்குக் கொண்டு போக முடியாது. நீங்களே வச்சுக்குங்க."

போய்விட்டாள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் இறங்கி வந்து கதவைத் திறந்து, அவள் ஏற ஒரு கை கொடுத்தார்.

*இடம்:* லோரி
*உடன் இருந்தவர்:* வீட்டுக்காரர்
*மனசு என்ன சொல்லுது:* இப்பவே இறங்கி ஓடிப்போயிடணும்
*உடம்பில்:* மூச்சு முட்டுது
*எவ்வளவு:* 90