மேற்குச் சுவரில் ஒரு வாசல்

இலஞ்சி
ஜூலை 9

அன்புள்ள மீரான்,

நீயும் நஸீபாவும் பிள்ளைகளும் தோஹாவில் சுகமாக இருக்க வேண்டும். உன் மேல் கோபமாக இருப்பதால் இதற்கு மேல் விசாரிக்கப் போவதில்லை. போனில் பேசினால் சிரித்தே என்னை மடக்கிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நாம் படித்த கல்லூரியின் சிற்றாலயத்துக்குள் சாரல் அடிக்கிறது. உள்ளே! பெஞ்செல்லாம் ஊறி, பாட்டுப் புத்தகங்கள் உப்பிக் கிடக்கின்றன. நேற்று ஆராதனையில் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாடினார்கள்.

அதைக் கட்டிய பாதிரியார் ஒரு சாரல் சீசன் முழுக்கக் காலி மனையில் கூடாரம் போட்டுக் காற்றைப் பார்த்த பிறகே அஸ்திவாரம் தோண்டினாராம். அவர் நோட்டு இன்னும் நூலகத்தில் இருக்கிறது. மேற்கே ஒரு ஜன்னல்கூட வைக்காமல் இரண்டடிக் கனத்துக்குக் கல்சுவர் எழுப்பி, பீடத்தை அதை ஒட்டி வைத்தார். நூறு வருஷம் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

பீடம் கிழக்கேதான் இருக்க வேண்டும் என்று புதுக் கமிட்டி கிளம்பியது. அதற்குச் செயலாளர் என்று நான் ஒருவன் இருக்கிறேனே, மார்ச் வெயிலில் நாலு படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ ஒரே மதியத்தில் பீடத்தைக் கிழக்கே மாற்றி, மேற்குச் சுவரில் எட்டடி வாசல் வரைந்துவிட்டாய். நான் வேதியியல் வாத்தியார், எனக்குத் தோன்றவில்லை. தென்காசியில் பிறந்த என்ஜினியருக்குச் சாரல் எந்தப் பக்கமிருந்து வரும் என்பதுமா மறந்துபோகும்? கல்லை உடைக்கும்போதே வாட்ச்மேன் இசக்கிமணி அண்ணாச்சி, "இங்கன வாசல் வச்சா சாரலும்லா உள்ள வந்து ஜெபம் பண்ணும்" என்றார். நாங்கள் சிரித்தோம்.

இப்போது கமிட்டி, கட்டடமே பழசாகிவிட்டது, இடித்துவிட்டு கான்கிரீட் ஹால் கட்டலாம் என்கிறது. பதினெட்டாம் தேதி முடிவெடுக்கிறார்கள். கட்டடத்துக்கு ஒரு குறையும் இல்லை, குறை அந்த வாசல்தான். எடுத்த கல்லெல்லாம் கேன்டீன் பின்னால் அப்படியே கிடக்கிறது. வைத்து அடைத்தால் போதும். இதை வேதியியல் வாத்தியார் சொன்னால் யார் கேட்பார்கள்? வரைந்தவன் சொல்ல வேண்டும். நனைந்த பெஞ்சுகளை மூன்று தடவை படமெடுத்து அனுப்பினேன். பார்த்தாய். பதில் இல்லை.

வரைந்தது யார் என்று கல்லூரி முதல்வர் இரண்டு முறை கேட்டார். நண்பர் ஒருவர் என்று மட்டும் சொன்னேன். டிசம்பரில் பழைய மாணவர் விழாவில் உனக்குப் பொன்னாடை போடப்போவதும் இதே கமிட்டிதான் என்று எனக்குத் தெரியாதா?

உன் பெயர் என் வாயிலிருந்து வராது மீரான். இடிக்கிற அன்றைக்கும் வராது. அது உனக்கும் தெரியும் என்பதுதான் என் எரிச்சல். கமிட்டிக்கு நீயே எழுதிவிடுலே. அதற்கான தைரியம் உனக்கு வர நான் ஜெபிக்கிறேன். நீயும் துஆ கேள்.

உன்,
பென்னி