மாமிமாருக்கு முதலில் பிரஷர்

உமது முப்பத்தோராம் நாள் நினைவு மலரை உம்முடைய தம்பி இன்று காலை கிளினிக்கில் தந்துவிட்டுப் போனார். மை வாசம் இன்னும் போகவில்லை. வழுவழுப்பான தாள், முகப்பில் குத்துவிளக்கு, உள்ளே தேவாரம், பிறகு உமது படம். படத்துக்குக் கீழே எங்கள் ஆஸ்பத்திரி அபிவிருத்திச் சங்கத் தலைவரின் அஞ்சலி. "அதிர்ந்து பேசாதவர், அடக்கமே உருவானவர்" என்று எழுதியிருக்கிறார். வாசித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீரா அடக்கம்? உமது வாயைப் பொத்தி மூலையில் இருத்திய அதே மனிதர்தான், இப்போது நீர் வாயே திறக்காதவர் என்று அச்சடித்துக் கொடுக்கிறார். செத்தவர் எழும்பி வந்து மறுக்கமாட்டார் என்ற துணிவுதான்.

நெல்லியடியில் ஒரே பஸ் ஏறி, நாங்கள் இரண்டு தாதிகளும் ஒன்றாக வேலைக்கு வந்துபோன காலத்தை நினைக்கிறேன். பெண்கள் கிளினிக்கில் அப்போது விழிப்புணர்வு என்றால் ஒரு துண்டுப்பிரசுரம்தான். தாமரைப் பூப் படம். "இல்லற நலம் பேணி இனிது வாழ்வோம்" என்று தலைப்பு. என்ன நோய், எப்படித் தொற்றும், யார் யார் மருந்து எடுக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. "உதை வாசிச்சுப்போட்டுச் சனம் என்ன செய்யிறது, தாமரைக்குப் பூசை செய்யிறதோ?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பிரசுரக் கட்டை அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டீர்.

எங்கள் பெண்கள் தனியாகக் கிளினிக்குக்கு வருவதில்லை. மாமியோ மச்சாளோ பக்கத்தில் இருப்பார். "ஏதும் வெள்ளைபடுதல், நோவு இருக்கோ?" என்று கேட்டால் மாமிதான் பதில் சொல்வார்: "சீ, எங்கடை பிள்ளைக்கு அப்பிடி ஒண்டும் இல்லை." மருமகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மாமியை வெளியே போகச் சொன்னால் அன்றைக்கே ஊரெல்லாம் கதையாகிவிடும். அதற்குத்தான் நீர் அந்த வழியைக் கண்டுபிடித்தீர். "மாமிமார் எல்லாரும் முதல்லை அங்காலை போய்ப் பிரஷர் பாருங்கோ, நீங்கள் சுகமா இருந்தால்தானே வீடு நடக்கும்" என்று கூப்பிடுவீர். அவர்களுக்குப் பெருமை பிடிபடாது. கை நீட்டிக்கொண்டு என் முன்னால் வரிசையாக வந்து உட்காருவார்கள். நான் ஆற அமர பிரஷர் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, நேரத்தை இழுப்பேன். அதற்குள் நீர் அந்தப் பக்கம் கதவைச் சாத்திவிட்டு, பெயர் சொல்ல வேண்டியதைப் பெயர் சொல்லியே மருமக்களோடு கதைப்பீர்.

உரும்பிராயிலிருந்து கட்டி வந்த அந்தப் பிள்ளையை அப்படித்தான் காப்பாற்றினீர். கலியாணம் முடித்து வருஷங்களாகியும் குழந்தை இல்லை. மாமி கோயில் கோயிலாகக் கூட்டிக்கொண்டு திரிந்தார். இனியும் கரு தங்காவிட்டால் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று வீட்டில் பேச்சு. அவளுக்கோ உறவால் பரவும் தொற்று, மருந்து கொடுத்தும் மாறவில்லை. டொக்டர், "சொன்னால் விளங்காத சனம், ஒழுங்காக் குளிசை போடாதுகள்" என்று அவளைக் கத்தி அனுப்பினார். நீர் மட்டும், மாமி என்னிடம் பிரஷருக்கு வந்திருந்த நேரம், அவளிடம் ஒரு கேள்வி கேட்டீர்.

"பிள்ளை, என்ன விரதம் பிடிச்சனீர்?"

"கந்தசஷ்டி, மிஸ். பிள்ளை வேணுமெண்டு மாமிதான் பிடிக்கச் சொன்னவ. வெறும் வயித்திலை குளிசை போடக்கூடாதெண்டு சொன்னவை. அதுதான் விரதம் முடியப் போடுவம் எண்டு வைச்சிட்டன்."

பிள்ளைக்காக இருந்த விரதம், பிள்ளைக்காகத் தந்த மருந்தை நிறுத்தியிருந்தது. இதை எந்தத் துண்டுப்பிரசுரம் கேட்டது? புருசனுக்கும் மருந்து கொடுக்காவிட்டால் அவள் எத்தனை தரம் குடித்தும் பயனில்லை என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் கொழும்புக்கு லொறி ஓடுகிறவன். பெண்கள் கிளினிக் வாசலை மிதிப்பானா? நீர் மாமிக்குப் பிரஷர் கூடுதல் என்று சொல்லி, அடுத்த முறை மகன்தான் ஏற்றி வரவேண்டும் என்றீர். கூடுதல் என்றது பொய்யுமில்லை. வந்தான். தாய் உள்ளே இருக்க, மோட்டார் சைக்கிளடியில் அவனைப் பிடித்துக்கொண்டீர்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்லையே மிஸ்."

"ஆம்பிளையளுக்குச் சிலநேரம் வெளியிலை காட்டாது தம்பி. அதுக்காக இல்லை எண்டில்லை. உம்மடை மனிசிக்கு உது வானத்திலையிருந்து வரேல்லை. கருக்குழாய் பழுதாப் போனால் பிறகு எந்தக் கோயிலுக்கு நேர்ந்தும் சரிவராது. ரெண்டு பேரும் போடுங்கோ."

அவன் காது சிவந்துபோய் நின்றான். ஆனாலும் டொக்டரைப் பார்த்தான், குளிசையை வாங்கிக்கொண்டு போனான். அந்த வழியால் வந்த சங்கத் தலைவரின் காதில்தான் உமது பேச்சு விழுந்து தொலைத்தது. கூட்டம் வைத்தார்கள். "பொம்பிளையொருத்தி ஆம்பிளையோடை றோட்டிலை நிண்டு உதுகளைக் கதைக்கிறதோ? எங்கடை பண்பாடு என்னாகிறது?" என்றார். பண்பாடு! அந்தப் பிள்ளையை வீட்டார் மலடி என்று முகத்துக்கு நேரே சொன்னபோது அது எங்கே படுத்திருந்தது? விரதத்தைத் தெரிந்து, மாமியைத் தெரிந்து, வெட்கத்தைத் தெரிந்து வேலை செய்த ஒரேயொரு ஆளை அவர்கள் பண்பாடு தெரியாதவள் என்றார்கள். உம்மைக் காயம் கட்டும் அறைக்கு மாற்றினார்கள். தாமரைப் பிரசுரம் அலுமாரியிலிருந்து இறங்கி வந்தது. "விடுமப்பா, கட்டுப் போடவும் ஆள் வேணும்தானே" என்று சிரித்தீர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு ஒருநாள் நெஞ்சு நோவென்று போனீர், திரும்பி வரவில்லை.

போன கிளினிக்குக்கு அந்தப் பிள்ளை வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. மாமிக்குத் தலைகால் தெரியவில்லை. "எல்லாம் முருகன் தந்தது" என்று காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார். முருகன் தந்திருக்கட்டும், நான் மறுக்கவில்லை. மாமியைப் புதிதாக வந்த தாதியிடம் பிரஷருக்கு அனுப்பிவிட்டு அவளுக்குப் பக்கத்தில் போனேன். "அந்த மிஸ் எங்கை?" என்றாள். சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்: "இவரையும் மருந்து எடுக்க வைச்சது அவதான் எண்டு எங்கடை வீட்டிலை இவரை விட்டால் ஒருத்தருக்கும் தெரியாது மிஸ். என்ரை தங்கச்சிக்குத் தையிலை கலியாணம். அவளுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். ஒண்டும் விடேல்லை."

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். ஒரு பிள்ளை தங்கச்சிக்குச் சொல்லத் துணிந்ததை, சம்பளம் வாங்குகிற நாங்கள் சொல்லாமல் பூப்படம் பங்கிடுகிறோமே என்ற ஆத்திரம்.

இன்று கிளினிக் நாள். மாமிமாரை அந்தப் புதுத் தாதியிடம் பிரஷருக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மருமக்களோடு நானே கதைத்தேன். நோயின் பெயரிலிருந்து தொடங்கினேன். பிறகு நிற்கவில்லை. மத்தியானம் தலைவர் வந்து வெளியே கூப்பிட்டார்.

"என்ன, நீரும் தொடங்கியிட்டீரோ?"

"ஓம், தொடங்கியிட்டன்" என்றேன்.