வேணும்னா மட்டும் வெட்டுங்க

என் பக்கத்துக் கட்டில்காரிக்கு,

இன்று காலை பிரசவ வார்டில் ஓர் ஆயாம்மா பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் கொண்டுவந்து வைத்து, அதில் மருந்தை ஊற்றினார். தண்ணீர் பால் போல வெளுத்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். கட்டிலில் படுத்திருந்த என் மகள், "ஏம்மா சிரிக்கறீங்க?" என்று கேட்டாள். அவள் பிறந்த மறுநாள், இதே வாசனைக்கு நடுவில்தான் நீ எனக்கு அறிமுகமானாய். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும், நேற்று எனக்குப் பேத்தி பிறந்த செய்தியை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று மனசு பரபரத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என்னைக் கட்டிக்கொடுத்தது சூலூரில் தறி ஓட்டும் குடும்பத்துக்கு. தலைப்பிரசவத்துக்குத் தொண்டாமுத்தூரில் இருந்து அப்பா என்னைக் கோவைக்குக் கூட்டிவந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நீ உக்கடத்துக்காரி. உன் வீட்டுக்காரருக்கு இரும்புக் கடை. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் பெண் குழந்தை.

வலி எப்படி இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். வெட்டுவார்கள் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. மறுநாள் நான் எழுந்து உட்காரப் போனபோது நர்ஸ் ஓடிவந்து, "பாத்தும்மா, தையல் இருக்குது. குழந்தை வர்ற வழியக் கொஞ்சம் வெட்டித்தான் எடுத்தாங்க" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்காக இல்லை. என் உடம்பில் நடந்ததை ஊரே தெரிந்துகொண்ட பிறகு எனக்குச் சொல்கிறார்களே என்றுதான்.

பக்கத்துக் கட்டிலில் நீ ஒருக்களித்துப் படுத்திருந்தாய்.

"ஏனுங்க, உங்களுக்குமா?" என்றாய்.

தலையாட்டினேன்.

"எனக்கும்தானுங்க. பஞ்சு மெத்தை தைக்கற மாதிரி தைச்சுப்போட்டாங்க."

அழுகையோடு சிரித்தேன். சிரித்ததும் தையல் சுரீர் என்றது. "அய்யோ" என்று நான் கத்த, அதைப் பார்த்து நீ சிரிக்க, உன் தையல் இழுத்து நீ "அல்லாவே" என்று அலற, வார்டு முழுக்க நம்மைத்தான் பார்த்தது. சாயந்தரத்துக்குள் 'ங்க' போய் 'நீ, நான்' என்று ஆகிவிட்டோம்.

அடுத்த நாள் டாக்டரம்மா கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எல்லாரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னோம். நீதான், "டாக்டர், எங்களை எதுக்குங்க வெட்டுனீங்க?" என்று கேட்டாய்.

"முதல் பிரசவம்னா எல்லாருக்கும் போடறதுதாம்மா. தானா கிழிஞ்சா எந்தப் பக்கம் போகும்னு சொல்ல முடியாது. நாங்க வெட்டுனா நேரா இருக்கும், தைக்கறதும் சுலபம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

"எல்லாருக்குமாங்க? இவளுக்கு வேணுமா, வேண்டாமான்னு பாக்கமாட்டீங்களா?"

அவர் உன் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். உனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டேன். "கேட்டா என்ன, குறைஞ்சா போயிருவோம்?" என்றாய்.

உனக்குத் தையல் சீக்கிரம் ஆறியது. எனக்குச் சீழ் வைத்தது. வாரக்கணக்கில் நேராக உட்கார முடியவில்லை. படுத்தபடிதான் பால் கொடுத்தேன். காயம் ஆறிய பிறகும் பயம் ஆறவில்லை. இன்னொரு பிள்ளை என்ற பேச்சை யார் எடுத்தாலும் எழுந்து போய்விடுவேன்.

மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நீ பஸ் ஏறி சூலூருக்கு வருவாய். தறிகள் ஓடும் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இருவரும் உட்காருவோம். அந்தச் சத்தத்தில் நாம் பேசுவது வேறு யாருக்கும் கேட்காது. வெளியில் முணுமுணுக்கக்கூட முடியாத விஷயங்களை அங்கே கத்திக் கத்திப் பேசினோம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்தாலே என் உடம்பு விறைத்துப்போகிறது என்பதை உன்னிடம்தான் முதன்முதலில் சொன்னேன்.

"எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்துச்சு, புள்ள. அண்ணங்கிட்டச் சொல்லு. சொல்லாட்டி அவருக்கு எப்படித் தெரியும்?"

சொன்னேன். அவர், "எனக்கு இதெல்லாம் தெரியாது அம்மணி. நீ கூப்புடற வரைக்கும் நான் தொந்தரவு பண்ணமாட்டேன்" என்றார். சொன்னபடி இருந்தார். அந்த மனுஷரை நான் விரும்பத் தொடங்கியது அன்றைக்குத்தான் என்று உனக்கு மட்டும் தெரியும்.

பிறகு உன் இரண்டாவது பிரசவம். உக்கடம் பக்கத்தில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இருந்து நீ சொன்னதாகப் போனில் தகவல் வந்தது: 'உடனே கிளம்பி வா.' என்ன ஆனதோ என்று பதறி ஓடிவந்தேன். நீ கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாய்.

"பாத்தியா?" என்று உன் முழங்காலைத் தட்டிக் காட்டினாய். "டாக்டர் கையுறை மாட்டறதுக்குள்ள பையன் வந்து உழுந்துட்டான். ஒரு தையல்கூட இல்ல. நல்லாப் பாத்துக்க, சம்மணம்!"

குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் உன் சம்மணத்தைத்தான் நான் அதிசயமாகப் பார்த்தேன். அன்று திரும்பி வரும் பஸ்ஸில், இன்னொன்று பெற்றுக்கொண்டால் என்ன என்று எனக்கே தோன்றியது.

அடுத்த வருஷம் அதே நர்சிங் ஹோமுக்கு நானும் வந்தேன். என் அம்மா வருவதற்கு முன்னாலேயே நீ வந்து நின்றாய். வலி விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கோ கத்தரிக்கோல் மட்டுமே கண்ணில் நின்றது. என் கையைப் பிடித்தபடி நீ அங்கிருந்த டாக்டரம்மாவிடம் பேசினாய்.

"வேண்டவே வேண்டாம்னு சொல்லலீங்க டாக்டர். வேணும்னா மட்டும் வெட்டுங்க. அதையும் இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வெட்டுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு உன்னைப் பார்த்தார். "குழந்தைக்குத் துடிப்பு குறைஞ்சா நான் பேசிட்டு நிக்கமாட்டேன்."

"நிக்காதீங்க."

"அவசரம் இல்லேன்னா பொறுத்துப் பாக்கறேன். ஆனா முக்காதேன்னு நான் சொன்னா முக்கக்கூடாது. உங்க சிநேகிதி கேப்பாங்களா?"

"கேக்க வெக்கறது எம் பொறுப்புங்க."

உன்னைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. மத்தியான வெயிலில் ஜன்னல் திரை எல்லாம் மஞ்சளாக இருந்தது. தலை தெரிகிறது என்றார் டாக்டரம்மா. "இப்ப முக்காதம்மா. வாயத் தொறந்து ஊது." அவ்வளவுதான், கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து உன் குரல்: "ஊது புள்ள! அடுப்பு ஊதற மாதிரி ஊது!"

"யாருங்க அது?" என்று நர்ஸ் கதவைப் பார்த்துச் சீறினாள். "விடு, நல்லதுதான் சொல்றாங்க" என்றார் டாக்டரம்மா.

"கேஸ் அடுப்புக்காரி, உனக்கு எங்க தெரியப்போகுது! பலூன் ஊது, பலூன்!" என்று மறுபடியும் உன் குரல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வலியிலும் மூச்சு இறைக்க இறைக்கச் சிரித்தேன். முக்குவதற்கு உடம்பில் இடமே இல்லை. டாக்டரம்மா கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்க, தலை மெல்ல மெல்ல, அவசரமே இல்லாமல் வந்தது. கத்தரிக்கோல் வைத்த இடத்திலேயே கிடந்தது. "சின்னக் கீறல்தான், தானா ஆறிரும்" என்று அவர் சொன்னபோது நான் கதறி அழுதேன். சந்தோஷத்தில்.

குழந்தை அழுத சத்தம் கேட்டதும் வெளியில் எல்லாரும் ஆணா, பெண்ணா என்று கேட்டார்கள். நீ மட்டும் கதவைத் தட்டி, "டாக்டர், வெட்டுனீங்களா, இல்லீங்களா?" என்றாய்.

அந்தக் கண்டிப்பான மனுஷி வாய்விட்டுச் சிரித்தார். "வெட்டலீங்க! பையன்!"

அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்கள், வளைகாப்புகள், எல்லாவற்றிலும் நீ அந்தக் கதையைச் சொல்லி என் மானத்தை வாங்கினாய். சொல்லும்போதெல்லாம் ஏதாவது ஒரு சின்னப் பெண் நம் பக்கம் தள்ளி வந்து, "எப்படிங்க்கா கேக்கறது?" என்று மெதுவாக விசாரிப்பாள். நீ போன பிறகு அந்தக் கதையை நான் சொல்கிறேன். உன் அளவுக்குச் சத்தம் வரவில்லை.

நேற்று என் மகளின் பிரசவத்தில் குழந்தைக்குத் துடிப்பு குறைந்தது. "சின்னதா ஒரு வெட்டு போட்டா உடனே எடுத்துரலாம், போடட்டுமா?" என்று டாக்டர் அவளிடமே கேட்டாராம். "வேற வழி இருக்குதுங்களா?" என்று இவள் கேட்க, பொறுத்தால் குழந்தைக்கு ஆகாது என்று சொன்னாராம். "அப்பப் போடுங்க டாக்டர்" என்றாளாம். தையலோடு படுத்திருக்கிறாள், வலிக்கிறது என்கிறாள், ஆனால் அன்றைக்கு என் முகத்தில் இருந்தது இவள் முகத்தில் இல்லை. ஏன் வெட்டினார்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அவளே விளக்கிக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடம் இருந்து எனக்கு வந்தது என்னவென்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். போன மாதம் முழங்கால் வலிக்காக ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் ஆபரேஷன் என்று எழுதத் தொடங்கினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க டாக்டர், எதுக்குங்க?" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, எலும்பு, ஜவ்வு எல்லாம் வரைந்து காட்டினார். முதலில் பயிற்சி செய்து பார்க்கலாம், அப்புறம் யோசிக்கலாம் என்று முடிந்தது. வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர், "இவ்வளவு நேரம் உள்ள என்ன பண்ணுனே?" என்று கேட்டார்.

"கேட்டுட்டு இருந்தேனுங்க" என்றேன்.

அவர் உன் பேரைச் சொல்லிச் சிரித்தார்.