பின்னறைக் கூரை

1938 ஒக்டோபர் 3, திங்கள்

காலையிலேயே வெயில். வாவிப் பக்கம் ஒரு துளி காற்றில்லை. முன் கூரை ஓடு இறக்கத் தொடங்கியாயிற்று.

கொந்தராத்து உதுமாலெவ்வைக்கு. காத்தான்குடி ஆள். மேசன் இருவர், மரவேலைக்கு ஓடாவி ஒருவர், எடுபிடிக்குச் சிலர். நோன்பு தொடங்கமுன் கூரையை மூடித் தருவதாகப் பேச்சு. நோன்பு பிடித்துக்கொண்டு வெயிலில் ஏணி ஏறேலாது என்கிறார். எனக்கும் அவசரம்தான், காரணம் வேறு. மாரி வந்துவிடும். தங்கத்துக்கு மார்கழியில் பேறு. கலியாணம் முடித்து ஒன்பது வருடம் கழித்து. இதைப்பற்றி அதிகம் எழுதப் பயமாயிருக்கிறது.

வீடு தங்கத்தின் சீதனம். சுவரெல்லாம் நல்ல திடம், மரம்தான் போயிற்று. கூரையைத் தாங்குகிற முகட்டு வளையை ஓடாவி உளியால் குத்திப் பார்த்தார். மாவாகக் கொட்டியது. கறையான். கீழே நின்ற எல்லாரும் மெல்ல விலகினார்கள். நானும்.

செய்ய:
கள்ளிக்கோட்டை ஓடு, ஸ்டேசனில் இருந்து வண்டியில் எடுக்க.
தென்னோலைக் கிடுகு, திடீர் மழைக்கு மூட.
கச்சேரியில் பெரிய கிளாக்கரிடம் லீவு கேட்க.
பெரிய மச்சாளிடம் பேச.

கடைசியைத் தங்கம் செய்யட்டும்.

ஒக்டோபர் 5, புதன்

புழுக்கம். ஓடு வந்து வளவில் குவிந்து கிடக்கிறது. சில உடைவு.

பெரிய மச்சாள் என்றால் தங்கத்தின் அக்கா. (இனி பெ.ம. என்றே எழுதுவேன்.) புருசன் இல்லை. ஒரே மகள், மண்டூரில். வழக்கப்படி மண்டூர் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, மகளோடும் மருமகனோடும் இருந்தவ. ஆடி மாதம் இரண்டு றங்குப்பெட்டியோடு இங்கே வந்து இறங்கினா. பின்னறையில் இருக்கிறா. மருமகனோடு ஏதோ மனக்கசப்பு என்று மட்டும் தங்கம் சொன்னாள். நான் மேலே கேட்கவில்லை.

என்னோடு நேரே பேசமாட்டா. நான் முன்னால் உட்கார்ந்திருந்தாலும், "தங்கம், அவரிட்டச் சொல்லு."

பேறு பார்க்க இந்த வீட்டில் தோதான இடம் அந்தப் பின்னறைதான். வாவிக் காற்று நேரே அடிக்காது, வெந்நீர் வைக்கக் குசினி கிட்ட. அதை முதலில் ஒழுங்குபண்ண வேணும்.

மத்தியானம் தங்கம் போய்க் கேட்டாள். நான் நடு அறையில் நின்று காது கொடுத்தேன்.

"அக்கா, கொஞ்ச நாளைக்குப் பெரியம்மாட வீட்ட நில்லுங்களன். கூரை போட்டதும் வரலாம்."

"நான் இதுக்குள்ளயே இரிக்கன்."

"ஓடு கழட்டப் போறாங்க, அக்கா."

"கழட்டட்டும். நான் இரிக்கன்."

தங்கம் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் குசினிக்குப் போனாள்.

ஒக்டோபர் 7, வெள்ளி

ஜும்ஆ. ஆட்கள் பத்தரைக்கே போய்விட்டார்கள். முன்னறையும் நடு அறையும் திறந்தாயிற்று. படுக்கையில் கிடந்தால் வானம் தெரிகிறது. கிடுகைப் பரப்பிக் கயிற்றால் கட்டியிருக்கிறோம்.

போகுமுன் லெவ்வை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "முகட்டு வளை முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே ஓட்டம், கிளாக்கர். பின்னறையயும் திறந்தாத்தான் பழசக் கழட்டலாம். அம்மா எப்ப எழும்புவா?"

"கேட்டுச் சொல்லுறன்."

"நான் கேட்டுப்பாத்தன். உங்கட வேலைய முன்னுக்குச் செய்யுங்க எண்டு சொன்னா. முன்னுக்கு வேலை முடிஞ்சி போச்சே."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒக்டோபர் 10, திங்கள்

ஒன்றும் நடக்கவில்லை. மேசன்மார் வளவுச் சுவர் பூசுகிறார்கள், சும்மா இருக்கக் கூடாதென்று. ஓடாவி புது வளையைச் சீவி முடித்து மரத்தடியில் போட்டுவிட்டுச் சுருட்டுக் குடிக்கிறார்.

தங்கத்தின் கால் வீங்கியிருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் கிடக்கிற இடமெல்லாம் தாண்டித் தாண்டி நடக்கிறாள். ஒருதரம் கால் இடறிச் சுவரைப் பிடித்தாள். "இரு, அங்கால இங்கால போகாத" என்றேன். "எங்க இருக்கிற?" என்றாள். இருக்க ஒரு இடமில்லைதான்.

கிணற்றடியில் எடுபிடி ஆட்களின் பேச்சு:

"இந்த வீடு ஆர்ர? கிளாக்கர்ரயா?"

"இல்லகா, பொஞ்சாதிர. அவர் படுவான்கரை ஆள். வந்து இரிக்கார்."

வாவிக்கு அந்தப் பக்கத்தான் என்று அர்த்தம். கேட்காத மாதிரி வாளியை இறக்கினேன். ஒன்பது வருடமாக இந்த வளவில் தென்னைக்குத் தண்ணி ஊற்றுகிறேன். வந்து இருக்கிறவன்.

லெவ்வை: "ஏறாவூரில ஒரு வேலை வந்திரிக்கி கிளாக்கர். இந்தக் கிழமை பாப்பன். ஆக்கள சும்மா வெச்சிக்கொள்ள ஏலா."

ஒக்டோபர் 12, புதன்

லீவு. காலையில் மேற்கே கருக்கல். மழை இல்லை, ஆனால் மணம் வந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. லெவ்வையிடம் பின்னறை ஓட்டைக் கழற்றச் சொன்னேன்.

"அம்மா உள்ளுக்கு இரிக்காவே."

"ஓடு போனா எழும்புவா. ஏறச் சொல்லுங்க."

அவர் கொஞ்சநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒருவனை ஏற்றினார். ஓரத்து ஓடுகளை மெல்லக் கழற்றிக் கொடுத்தான். அரைச் சாணுக்குப் புழுதியும், பழைய கூடும், எலிப் புழுக்கையும் உள்ளே கொட்டின. கதவு திறந்துதான் கிடந்தது. பெ.ம. பாயில் நடுவே உட்கார்ந்திருந்தா. தலையில் சீலைத் தலைப்பு. ஒரு துண்டு ஓடு தோளுக்குப் பக்கத்தில் விழுந்து சிதறியது. அசையவில்லை. கண்ணை மூடவுமில்லை.

மேலே இருந்தவன் நிறுத்திவிட்டான். "எனக்கு ஏலா" என்று இறங்கினான்.

அப்போதுதான் தங்கம் பின்னால் நிற்கிறாள் என்று கண்டேன். குரல் உயரவில்லை.

"அக்காட தலையில ஒரு ஓடு விழுந்திருந்தா, நீங்க அப்பிடியே தோணி ஏறிப் படுவான்கரைக்குப் போயிருக்கலாம்."

ஆட்கள் எல்லாரும் கேட்டார்கள். லெவ்வை மண்வெட்டியை எடுத்து எங்கோ வைக்கப் போனார்.

சாப்பிடவில்லை.

ஒக்டோபர் 13, வியாழன்

கச்சேரி. பின்னேரம் சைக்கிளைக் கல்லடிப் பாலத்தில் நிறுத்திவிட்டு நெடுநேரம் நின்றேன். வலை வீசுகிறவர்கள் தோணியைத் திருப்பிக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். மழைக்குப் பயந்து.

கழற்றின ஓடுகளையெல்லாம் மேசன் திருப்பிப் போட்டிருக்கிறார். தங்கம் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

அவள் பேசினது: "சோறு மூடியிருக்கு." வேறொன்றும் இல்லை.

ஒக்டோபர் 15, சனி

வந்துவிட்டது.

மூன்று மணி போல. ஆட்கள் போய்விட்டார்கள், லெவ்வை மட்டும் நின்றார். கடல் பக்கமிருந்து காற்று ஒரே அடி. கிடுகு கயிற்றோடு பிய்ந்து பக்கத்து வளவுக்குப் பறந்தது. நானும் லெவ்வையும் ஒன்றைப் பிடித்தோம், அது எங்களை இழுத்தது. பிறகு மழை. முன்னறைக்குள்ளும் நடு அறைக்குள்ளும் முற்றத்தில் பெய்கிற மாதிரியே பெய்தது. சுண்ணாம்புக் குவியல் கரைந்து வெள்ளையாக ஓடியது. அரிசி மூட்டையைத் தூக்கினேன், அடி நனைந்துவிட்டது. குசினிக் கூரை கிடுகு, அதுவும் ஒரு பக்கம் போயிற்று.

தங்கம் நடு அறைச் சுவரோடு ஒட்டி நின்றாள். தலையில் பாய். நடுக்கம். எங்கே கொண்டுபோய் விடுவதென்று எனக்கு விளங்கவில்லை.

பின்னறைக் கதவு திறந்தது. பெ.ம. வந்து தங்கத்தின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோனா. வீட்டிலேயே ஓடு இருந்த ஒரே அறை.

நானும் லெவ்வையும் மழையில். அவர் "நான் போறன் கிளாக்கர், பொண்டாட்டி தேடுவா" என்று சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தார். இந்த மழையில் காத்தான்குடிக்கு. நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கு மனமில்லை.

பின்னறை வாசல்வரை போனேன். கூப்பிடாமல் உள்ளே வைக்கக் கால் வரவில்லை. உள்ளே பெ.ம. தங்கத்தின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தா. கடைசியில், துவட்டிக்கொண்டே:

"அவரையும் வரச் சொல்லு."

கதவோரம் உட்கார்ந்தேன். நெடுநேரம் மழைச் சத்தம்தான். தங்கம் றங்குப்பெட்டியில் சாய்ந்து கண்ணை மூடினாள். பெ.ம. அப்போது பேசினா. சுவரைப் பார்த்து. ஆனால் எனக்கு.

"மண்டூரிலயும் கூரைக்கெண்டுதான் சொன்னாங்க. மருமகன் நல்ல மரியாதையாத்தான் பேசினார். தோணியும் அவரே பிடிச்சித் தந்தார். கூரை போட்டதும் கூப்பிடுறன், மாமி எண்டார்."

சீலை ஒன்றை எடுத்துத் தங்கத்தின் காலை மூடினா.

"ஆவணித் திருவிழாக்குப் போன ஆக்கள் சொன்னாங்க, கூரை போட்டு முடிஞ்சிதாம். ஓடு நல்ல வடிவா இரிக்காம்."

"மகள்?" என்றேன்.

"அவளுக்கு என்ன செய்யேலும். அவரோடதானே இரிக்க வேணும்."

நாங்கள் அப்படிச் செய்யமாட்டோம் என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்த மருமகனும் இதைத்தானே சொல்லியிருப்பான். சொல்லவில்லை.

ஒக்டோபர் 16, ஞாயிறு

வெயில். எங்கும் சேறு. நனைந்த துணி வேலி முழுக்க. தங்கத்துக்கு லேசான தடிமன், காய்ச்சல் இல்லை. இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன்.

லெவ்வை ஞாயிறென்றும் பாராமல் வந்தார். "இனி ஒரு மழை அடிச்சா சுவரும் ஊறும். திறக்கிறதெண்டா இப்ப. இல்லாட்டி நான் முன்னுக்கு மட்டும் ஓலை போட்டுட்டுப் போறன்."

பெ.ம. வாசலில் வந்து நின்றா. முதல்தரமாக என்னைப் பார்த்து:

"நான் குசினிக்குள்ள போறன். வளவ விட்டுப் போகமாட்டன். வேலை முடியுமட்டும் நீங்க வெளியில எங்கயாவது போய் நில்லுங்க."

"நானா?"

"நீங்க நிண்டா எனக்கு நித்திரை வராது. பெட்டிய ஆரும் தூக்குறாங்களா எண்டு பாத்துக்கொண்டே இருப்பன்."

நான் இந்த வீட்டுக்கு ஓடு வாங்கினவன், மரம் பார்த்தவன். தங்கத்தைப் பார்த்தேன். அவள் வயிற்றில் கை வைத்திருந்தாள். கை வெளுத்து, விரலெல்லாம் மழையில் ஊறினது இன்னும் மாறவில்லை.

"சரி" என்றேன்.

கோபத்தில் சொன்னேனா, வேறெதனாலா, தெரியவில்லை. இரண்டு வேட்டி, சவரக் கத்தி, இந்தக் கொப்பி. சைக்கிள்.

ஒக்டோபர் 18, செவ்வாய்

புளியந்தீவில், செல்லத்துரை வீட்டில். என்னோடு கச்சேரியில் வேலை செய்கிறவர். "வீட்டில தூசி" என்று சொன்னேன். அவர் பெண்சாதி நல்ல மீன் குழம்பு வைக்கிறா. பாதியில் கை கழுவினேன்.

ஒக்டோபர் 20, வியாழன்

கச்சேரி வாசலுக்கு லெவ்வை வந்தார், ஆணி வாங்க டவுனுக்கு வந்த சாட்டில். பழைய வளை இறங்கிற்றாம். இறக்கும்போது நடுவில் முறிந்ததாம், ஆருக்கும் அடியில்லை. "அல்லாஹ் காப்பாத்தினான். அம்மா அந்த அறையில இருந்திருந்தா மையத்துத்தான்."

புது வளை ஏறிவிட்டது. பெ.ம. குசினியில் எல்லாருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிறாவாம். லெவ்வைக்கு வேறாகப் புதுக் கோப்பை.

"தங்கம்?"

"நல்லா இரிக்கா. ஒங்களக் கேட்டா."

"என்ன கேட்டா?"

"சாப்பிடுறாரா எண்டு."

ஒக்டோபர் 23, ஞாயிறு

இரவு முழுக்க மழை. பயந்து பயந்து கிடந்தேன்.

காலையில் லெவ்வை சாமான் எடுக்க டவுனுக்கு வந்தார். கூரை நேற்றுப் பின்னேரமே மூடினதாம். ஒரு துளி ஒழுக்கில்லை. "வீட்டுக்குப் போகல்லியா, கிளாக்கர்?"

"போகத்தான் வேணும்."

போகலாம்தான். ஆர் தடுத்தது. பாலத்தைத் தாண்டினால் வீடு. ஆனால் நில்லுங்க என்றவ வாங்க என்று சொல்லவில்லை. தங்கமும் சொல்லி அனுப்பவில்லை. சைக்கிளுக்குக் காற்றடித்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்தேன். செல்லத்துரை ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் மோசம்.

ஒக்டோபர் 24, திங்கள்

கச்சேரி. யாரும் வரவில்லை. செல்லத்துரை வீட்டுப் பிள்ளைகள், "மாமா இனி எங்கட வீட்டயா இருப்பீங்க?"

ஒக்டோபர் 26, புதன்

நோன்பு தொடங்கிவிட்டது. பின்னேரம் தூறல்.

கச்சேரியால் வந்து சட்டையைக் கழற்றுகிறேன், செல்லத்துரையின் பெண்சாதி, "ஆரோ ஒரு அம்மா படலையில நிக்கிறா, உள்ளுக்கு வரமாட்டன் எண்டுறா."

பெ.ம. குடை பிடித்துக்கொண்டு. காலெல்லாம் சேறு.

"நடந்தா வந்தீங்க?"

"பின்ன." கொஞ்சம் மூச்சு வாங்கினா. "நடு அறைக் கதவு மழைக்கு ஊதி இறுகிட்டு. நானும் தங்கமும் தள்ளிப் பாத்தம். திறக்கேலாம கிடக்கு."

"லெவ்வைட ஆக்கள்?"

"நோன்பு பிடிச்ச ஆக்களக் கூப்பிட மனமில்ல."

வேட்டியையும் கத்தியையும் எடுத்தேன். சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டு கூட நடந்தேன். பாலத்தின் நடுவில், தண்ணியைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "பேறு என்ர அறையில. நான் நடு அறைக்கு வாறன். தங்கத்திட்டச் சொல்லிட்டன்."

"ஓம்."

"மகளுக்கும் ஆள் அனுப்பியிருக்கன். பேறுக்கு வந்து நிக்கட்டும். அவர் விட்டா."

தங்கம் படலையில் நின்றாள். என் கையிலிருந்த பொதியை வாங்கினாள். நேரே நடு அறைக்குப் போய்க் கதவில் தோளைக் கொடுத்தேன்.

முதல் தள்ளிலேயே திறந்தது. அப்படியொன்றும் இறுகியிருக்கவில்லை.