சம்பந்தி தோட்டத்தில் தீ

மார்ச் 10, செவ்வாய்

காலையிலேயே கொளுத்தும் வெயில். மாவு புளித்துவிட்டது. இட்லி இல்லை, தோசைதான்.

கல்லில் இரண்டாவது தோசை இருக்கும்போது மகள் நித்யாவின் போன். ஜுன்னர் பக்கம் அவள் மாமனாருக்குத் திராட்சைத் தோட்டம். அவரைப் பப்பா என்றுதான் கூப்பிடுவாள். அழுகையில் பாதி மராத்தி, பாதி தமிழ். "அம்மா, வணவா வந்துச்சு. மலை மேல இருந்து. தோட்டம் எரியுது. பப்பாவுக்கு ரெண்டு கையும் சுட்டுருச்சு."

மலைப் புல்லில் பற்றி இறங்கும் தீயை இங்கே மராத்தியில் வணவா என்பார்கள். அடுத்த வாரம் அறுப்பு. பழம் சர்க்கரை ஏறி நிற்கிற நேரம்.

தீப்புண் மருந்து, பழைய வேட்டி, தண்ணீர் கேன். இவர் காரை எடுத்துவிட்டார்.

மார்ச் 11, புதன். ஜுன்னர்

எங்கும் கரி வாசனை. தலைமுடியில்கூட.

சம்பந்திக்கு இரண்டு கையிலும் கட்டு. வேப்பங்கிளையை ஒடித்து அடித்தே அணைக்கப் பார்த்திருக்கிறார். தீயணைப்பு வண்டி வந்தபோது அணைக்க எதுவும் மிச்சமில்லை. மலையோரத்து வரிசைகள் முழுக்கக் கறுப்பு. சொட்டுநீர்க் குழாய்கள் உருகி மண்ணோடு ஒட்டிக் கிடக்கின்றன. மாப்பிள்ளை அபிஜித் ஒவ்வொரு கொடியாகக் கத்தியால் கீறிப் பார்த்தார். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. பிறகு கீறுவதை நிறுத்திவிட்டார்.

கீழ் வரிசைகளில் ஒன்றுமே நடக்காத மாதிரி குலைகள். ஒரு பழத்தை வாயில் போட்டேன். புகை. கழுவித் தின்றாலும் புகை. வியாபாரி வந்தார், ஒன்றைக் கடித்தார், துப்பினார், போய்விட்டார்.

சுமன் வருஷா வருஷம் இங்கே பழம் பறிக்கிறவள். என்னைப் பாயி என்பாள், அம்மா என்கிற மாதிரி. சரிவில் தகரக் கூரை வீடு. அது இப்போது இல்லை. கட்டியிருந்த இரண்டு ஆடுகளும் இல்லை. மராத்தியில் சொன்னாள்: "அவுக்கத்தான் போனேன், பாயி. ஆடு கத்துது. கிட்ட போக முடியல." ஒரே தொனி. அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. பறிக்க வந்திருந்த பெண்கள் எல்லாரும் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

மேலே நகரத்துக்காரர்களின் ஃபார்ம்ஹவுஸ்கள். அங்கிருந்துதான் இறங்கியது என்கிறது ஊர். யார் என்று தெரியவில்லை. பார்க்க வந்த அதிகாரி, "வெயில் காலம், இயற்கை" என்றாராம். இயற்கை தீப்பெட்டி வாங்குமா?

மார்ச் 13, வெள்ளி. ஔந்த்

வீட்டுக்கு வந்தாயிற்று. பால், கொத்தமல்லி, கேஸ் புக் பண்ண வேண்டும்.

லிஃப்டில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டி சேர்மன். இந்தியில் குசலம். ஜுன்னர் போயிருந்தோம் என்றேன். முகம் மலர்ந்தது. "அட, நம்ம ஃபார்ம்ஹவுஸும் அங்கதான், பாபிஜி. மலை மேல. பாம்புத் தொல்லை. செவ்வாய்க்கிழமை விடிகாலைல நானே நின்னு புல்லைக் கொளுத்த வெச்சேன். காத்து அடிச்சிருச்சு, என்ன பண்றது? நல்லவேளை, நம்ம மாமரத்துக்கு ஒண்ணும் ஆகல."

"கீழ தோட்டம் இருக்கே?"

"அவங்களுக்குச் சர்க்கார் எதாவது குடுக்கும்."

அது என் மகள் வீடு என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மரியாதையாகக் கதவைப் பிடித்துக்கொண்டு எனக்கு வழிவிட்டார் அந்த மனுஷன்.

மாமரம்! குக்கரை வைத்த வேகத்தில் மூடி கீழே விழுந்து உருண்டது.

மார்ச் 14, சனி

நித்யாவிடம் சொல்லிவிட்டேன். நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன் என்றும் சொன்னேன்.

இவர்: "எதுக்கு வம்பு? தண்ணி, பார்க்கிங் எல்லாம் அந்தாளு கையில. தெனம் அவர் மூஞ்சில முழிக்கோணும்."

"அவர்தான் என் மூஞ்சில முழிக்கோணும்."

"கோர்ட்டு, கேஸுன்னு அலைய முடியுமா உன்னால?"

"சம்பந்தி கையப் பாத்தீங்கல்ல?"

சாப்பாட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். துணி காய்ந்து மொடமொட. ஒவ்வொன்றாக உதறி மடித்தேன். கோபம் மடிந்தபாடில்லை.

மார்ச் 16, திங்கள். ஜுன்னர்

இவர்தான் கார் ஓட்டி வந்தார். ஸ்டேஷன் வாசலில் காரிலேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். இறங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

ஏட்டு: "ஒரே பில்டிங்கா? அப்புறம் அங்கேயே குடியிருப்பீங்களா?"

"நான் ஏன் காலி பண்ணணும்?"

லிஃப்டில் கேட்டதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னேன். ஏட்டு மராத்தியில் எழுதி வாசித்துக் காட்டினார். "ஆக் லாகலி" என்று வந்தது. தீப்பிடித்தது. நிறுத்தச் சொன்னேன். லாகலி இல்லை, "லாவ்லி". தீ வைத்தார்.

"ஒரு எழுத்துதானே, பாயி."

"அந்த ஒரு எழுத்துக்குத்தான் வந்திருக்கேன்."

புகார் கொடுக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பந்தி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார், எடுத்தார். லாகலியை அடித்துவிட்டு அதற்கு மேல் லாவ்லி என்று எழுதினார்.

திரும்ப வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.