ஒப்புரவுக் கமிட்டி

ஜூன் 2, ஞாயிறு

இன்று திருவிருந்து ஆராதனை. சபையே வரிசையாக முன்னே போய் அப்பமும் திராட்சரசமும் வாங்கியது. நான் ஆர்கன் வாசித்தேன். முன்பெல்லாம் கடைசி ஆள் எழுந்ததும் போதகர் என்னிடம் வந்து தருவார். எனக்கு இரண்டு கையும் வேலையாக இருக்குமே. ஆறு மாதமாக வருவதில்லை. விவாகரத்து வழக்குப் போட்டவளுக்குத் திருவிருந்து கிடையாதாம். வாசிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. வேறு ஆளுக்கு எங்கே போவார்கள்? பாவியின் கை பாட்டுக்கு ஆகும்.

வரிசையில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். என் மணிக்கட்டை முறுக்கி உடைத்தவர். சபையை நடத்தும் மூப்பர்கள் முன்னால் கொஞ்ச நேரம் அழுதார், மன்னிப்பாகிவிட்டது. எலும்பு கூடத்தான் நாளானது.

அத்தை, அதாவது அவரைப் பெற்றவர், முதல் பெஞ்சில். ஆர்கன் பக்கம் திரும்புவதே இல்லை. அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர். ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்துட்டா" என்று சொன்னவரும் அவரே.

ஜூன் 9, ஞாயிறு

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்கள். போதகர் சிலுவையைப் பற்றித் தொடர் பிரசங்கம் ஆரம்பித்திருக்கிறார்.

எங்கள் மூப்பர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பாவத்துக்குத் தண்டனை உண்டு, நமக்கு வரவேண்டியதை இயேசு வாங்கிக்கொண்டார், வழக்கு முடிந்தது என்பது அவர் கட்சி. இன்னொருவர் பல் டாக்டர். கடவுள் என்ன ரத்தம் கேட்கிற கொடுங்கோலரா, அன்பு எதுவரை போகும் என்று காட்டத்தான் சிலுவை, நாமும் அப்படியே பொறுத்துப் போக வேண்டும் என்பது இவர் கட்சி. போன வருஷத்திலிருந்தே இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கடவுளும் மனிதனும் எப்படிச் சமாதானமானார்கள் என்பதில் வந்த சண்டை! ஒருவர் வலப்பக்கக் கதவில் வந்தால் மற்றவர் இடப்பக்கக் கதவு.

போதகர் பாடு இருதலைக்கொள்ளி எறும்பு. நல்ல மனுஷர்தான். கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னது சரி என்பார்.

ஜூன் 13, வியாழன்

போதகர் ஃபோன் செய்தார். என் விஷயத்துக்குத் தனியாக ஒரு கமிட்டியாம். பெயர் ஒப்புரவுக் கமிட்டி, அதாவது சமாதானம் செய்துவைப்பது. உறுப்பினர்கள் மேற்படி இருவர். சிரித்துச் சிரித்து டீ ஆறிவிட்டது.

ஜூன் 21, வெள்ளி

சபை அலுவலக அறை. அவர்களுக்கு நாற்காலி, எனக்கு ஸ்டூல். மின்விசிறியும் அவர்கள் பக்கம்.

முதலில் நீதிபதி. என் வீட்டுக்காரர் செய்த பாவத்துக்கும் சிலுவையில் தண்டனை கொடுத்தாகிவிட்டதாம். தீர்ப்பான வழக்கை நான் மறுபடி கோர்ட்டுக்குக் கொண்டுபோவது, சிலுவை போதவில்லை என்று சொல்வதற்குச் சமமாம். உடைந்தது என் கை. என்னைக் கேட்காமலே தீர்ப்பு.

அப்புறம் பல் டாக்டர். இயேசு யாரையாவது திருப்பி அடித்தாரா, வழக்குப் போட்டாரா என்று கேட்டார். "பொறுத்துப் போறதுதாம்மா சிலுவை," என்றார். இவர் மரத்துப்போக ஊசி போடாமல்தான் பல் பிடுங்குவாரோ என்னவோ.

பிறகு நடந்ததுதான் அதிசயம். நீதிபதி டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் நீதிபதி பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தினார். நான் வழக்கை வாபஸ் வாங்கி, அடுத்த திருவிருந்தன்று சபை முன்னால் மன்னிப்புக் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம். ஏகமனதான முடிவு. இருவரும் ஒரே கதவில் பேசிக்கொண்டே போனார்கள்.

எல்லாருடைய பாவத்தையும் ஒரு வெள்ளாட்டின் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு விரட்டுவது பழைய ஏற்பாட்டில் வரும். அந்த ஆட்டையாவது யாரும் ஆர்கன் வாசிக்கச் சொல்லவில்லை.

ஜூன் 22, சனி

இன்னைக்குச் சிரிப்பு வரலை. அந்த அப்பத்துக்கு ஏங்குறேன் — இதை யாருகிட்ட சொல்ல? பாழாப்போன ஒரு சின்னத் துண்டு, முழுங்கினா தொண்டையில கூடத் தெரியாது. அது இல்லாம சொந்த வீட்டுல விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கேன். வாபஸ் வாங்கிடலாமா? வாங்கினா மறுபடி அந்த வீடு, அந்த ஆளு. வாங்கலைன்னா மட்டும்? பார்த்த சாட்சி இல்லாம வழக்கு நிக்கிறது கஷ்டம்னு வக்கீல் சொல்லிட்டார்.

ஜூலை 7, ஞாயிறு

மன்னிப்புக் கேட்கவில்லை. திருவிருந்துக்கு முன் போதகர் என்னைப் பார்த்தார். நான் ஆர்கன் கட்டைகளைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தேன். முதல் பெஞ்ச் எழுந்தது. அத்தை எழவில்லை. மகன் முழங்கையைத் தொட்டார், அத்தை உதறிவிட்டார். முட்டிவலியாக்கும் என்று நினைத்து, வரிசை முடிந்ததும் போதகரே தட்டோடு அவரிடம் வந்தார்.

"எனக்கு வேணாங்கய்யா," என்றார் அத்தை. நான் வாசிப்பதை விட்டுவிட்டேன். மெல்லச் சொன்னதுதான், கடைசி பெஞ்ச் வரை கேட்டது. "ஆஸ்பத்திரியில பொய் சொன்னவ நான். அவ விழல. இவன்தான் கையை முறுக்கினான். அவளுக்குக் குடுக்காததை நான் எப்படி வாங்குறது?"

நீதிபதிக்கு இருமல் வந்தது. பல் டாக்டர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார், தொழிலுக்கு ஏற்றபடி.

ஜூலை 10, புதன்

ஒப்புரவுக் கமிட்டி கலைந்துவிட்டது. காரணம், உறுப்பினர்களுக்குள் மனஸ்தாபம்.

ஜூலை 19, வெள்ளி

என் திருவிருந்து பற்றி இன்னும் முடிவில்லை. போதகர் ஜெபித்துக்கொண்டிருக்கிறாராம்.

வக்கீல் ஆபீசுக்கு அத்தை பஸ்ஸில் தனியாக வந்தார். சாப்பிட்டாயா என்றார், ஆச்சு என்றேன். வக்கீல் அத்தையின் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டி, இது உங்கள் மகனுக்கு எதிராகப் போகும், தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் சார். நான் மூடி மூடி வச்சுதான் அவன் இப்படி ஆனான். அழுதா போதும்னு நினைச்சுட்டான்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை, இன்னும். கையெழுத்துப் போடும்போது அவர் பேனாவை அழுத்தியதில் காகிதம் நழுவியது. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.